பின்கியரில் போய்ப் பிடித்த முகூர்த்தம்

இப்போது ஓடுகிற வள்ளங்களில் சுக்கான் பிடிக்கிறவனின் கைக்குப் பக்கத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. முன்னுக்குத் தள்ளினால் வள்ளம் முன்னுக்குப் போகிறது. இன்னும் தள்ளினால் வேகம் கூடுகிறது. பின்னுக்கு இழுத்தால் பின்னுக்கு வருகிறது. கியரும் திறொட்டிலும் ஒரே பிடிக்குள். போன கிழமை கொழும்புத்துறையில் அப்படி ஒன்றில் என்னை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்கள். ஓட்டின பெடியன் ஒரு கையால் பிடியைத் தள்ளிக்கொண்டு மற்றக் கையால் கச்சான் கொறித்தான்.

"ஐயா, உங்கடை காலத்திலை இதுக்கு ரண்டு பேராமே? மற்றவர் என்ன செய்யிறவர்?" என்று கேட்டான்.

சொல்லத் தொடங்கினேன். அதற்குள் துறை வந்துவிட்டது. மிச்சத்தை எழுதித் தரும்படி எங்கள் சங்கச் செயலாளர் கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைத் தான் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தைத் திருத்தப் போய் விஷயத்தையும் திருத்திவிடுவாரோ என்பது இப்போது என் பயம். ஒரு பயம் இல்லாமல் நான் ஒரு வேலையும் தொடங்கினது கிடையாது.

பிறந்தது புத்தூர். தோட்டக்காரர் பிள்ளை. கடலைக் கண்டதே வளர்ந்த பிறகுதான். பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு மில்லில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற வேலைக்குப் போனேன். அங்கே சில வருஷம். எஞ்சின் சத்தம் மாறினால் சாப்பாட்டுக் கையோடு எழும்பி ஓடுவேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். அரிசி குத்த வந்த ஒரு முதலாளி அதைக் கண்டுவிட்டு, "தம்பி, எனக்குக் கொழும்புத்துறையிலை ஒரு லாஞ்சி இருக்கு. உன்னைப் போல பயந்தாங்கொள்ளி ஒருத்தன்தான் எனக்கு வேணும்" என்றார். புகழ்ந்தாரோ பகிடி பண்ணினாரோ தெரியாது. போய்ச் சேர்ந்தேன். பழகின காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. அலை ஆட்டத்தில் சத்தி எடுத்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன், பழகினேன்.

லாஞ்சி இக்கரைக் கொழும்புத்துறைக்கும் அக்கரைப் பூநகரிக்கும் இடையில், கம்பு எட்டுகிற ஆழமில்லாத கடலில் ஓடியது. நெல்லு மூடை, ஆட்கள், ஆடு, பூசணிக்காய், கோட்டுக்குப் போகிற வழக்காளிகள், எல்லாரும் எங்கள் சனம்தான். முன்பக்கத்தில் சுக்கானோடு, வள்ளத்தை நடத்துகிற தண்டையல் நிற்பார். நான் பின்பக்கத்தில், எஞ்சின் குழிக்குள். நடுவில் கூரையும் வாங்குகளும் சனமும். அவர் பேசுவது எனக்குக் கேட்காது. எனக்கு முன்பக்கம் தெரியவும் தெரியாது. காற்றுக்காகக் குழிக்கு ஒரு யன்னல் வைத்திருந்தார்கள், அதுவும் பின்பக்கம் பார்த்தபடி. வள்ளம் விட்டுவிட்டு வந்த தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறவன் நான்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு மணி. சுக்கானுக்குப் பக்கத்திலிருந்து கூரைக்குக் கீழே நெடுகிலும் ஒரு கயிறு வந்து, என் தலைக்கு மேலே தொங்கின மணியில் முடியும். ஒரு அடி அடித்தால் முன்னுக்கு. இரண்டு அடித்தால் பின்னுக்கு. மூன்று என்றால் நிப்பாட்டு. விடாமல் ஆட்டினால் வேகம் கூட்டு. ஏன் எதற்கு என்று கேட்கிற வழக்கம் இல்லை. மணி சொன்னதைக் கை செய்யும்.

இடது கைக்குத் திறொட்டில். பித்தளையில் சின்னப் பிடி, பல்லு வெட்டின ஒரு தகட்டில் ஒவ்வொரு பல்லாக ஏறும், இறங்கும். எஞ்சினுக்கு எவ்வளவு மூச்சு விடுவது என்பது அதில் இருக்கிறது. வலது கைக்குக் கியர்த்தடி, இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்பு. முன்னுக்குத் தள்ளினால் 'டக்' என்று விழுந்து தன்பாட்டில் நிற்கும். நடுவில் விட்டால் எஞ்சின் ஓடும், வள்ளம் ஓடாது. அந்த இடத்தை நாங்கள் 'சும்மா' என்போம். பின்கியர் அப்படியில்லை. இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும், கையை விட்டால் சும்மாவுக்கு ஓடிவந்துவிடும். முன்கியரைக் கவ்விப் பிடிக்க உள்ளே விரல்கள் போல இரும்புகள் உண்டு. பின்கியருக்கு ஒரு உருளையைச் சுற்றி இறுகுகிற பட்டி மாத்திரம். துறையில் வள்ளத்தை மறிக்கக் கொஞ்ச நேரம் பிடிப்பதற்கென்று செய்த பட்டி அது. கனநேரம் பிடித்தால் சூடேறிக் கருகும்.

மணி கேட்டதும் நான் செய்கிற முறை இது. முதலில் திறொட்டிலை இறக்குவேன். எஞ்சின் தணிகிற சத்தத்தைக் காது கேட்கவேண்டும். பிறகு தடியைச் சும்மாவுக்குக் கொண்டுவந்து அங்கே நிற்பேன். தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறி தளருவது உள்ளங்காலுக்குத் தெரியும், பலகையின் அதிர்வு மாறும். அது மாறின பிறகுதான் மற்றப் பக்கம். அதற்குப் பிறகுதான் திறொட்டில். ஒன்றை விட்டு ஒன்றுக்குப் பாய்ந்தால் உள்ளே எது முறியுமோ என்று எனக்குப் பயம்.

தண்டையல் மரியாம்பிள்ளை அண்ணை கொழும்புத்துறையில் பிறந்து வளர்ந்தவர். அதிகம் கதைக்க மாட்டார். கோபம் வந்தால் மணிக்கயிற்றைச் சுண்டுகிற சுண்டில் தெரியும். சந்தோஷம் வந்தால் ஒன்றிலும் தெரியாது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'புத்தூரான்' என்பார். கியர் மாற்ற நான் எடுக்கிற நேரம் அவருக்குப் பொறுக்காது.

"உவன் கியர் மாத்திறதுக்குள்ளை நான் ஒரு செபமாலை சொல்லி முடிச்சிடுவன்" என்று சனத்துக்கு முன்னால் சொல்லுவார். சனம் சிரிக்கும். நான் கியர்ப்பெட்டியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருக்கால் இன்னொரு முதலாளியின் லாஞ்சியும் அந்த ஓட்டத்துக்கு வந்தது. யார் முதலில் துறையில் கட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான் திரும்பிப்போகிற சனம். ஒருநாள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அந்த எஞ்சின்காரன் கெட்டிக்காரன், கை மின்னல். துறைக்குக் கிட்ட வருமட்டும் முழு வேகத்தில் வந்து, திறொட்டிலை இறக்காமல் தடியைப் பின்னுக்கு அடித்தான். எஞ்சின் திக்கென்று நின்றுபோனது. மறிக்க ஆளில்லாமல் அவர்களின் லாஞ்சி எங்களைத் தாண்டி, துறையைத் தாண்டி, சேற்றில் போய் ஏறிக்கொண்டது. நான் வழமைபோல மெல்ல மாற்றினேன். நாங்கள் அடக்கமாய்ப் போய்க் கட்டினோம். சனமெல்லாம் எங்கள் பக்கம். அன்றைக்கு மரியாம்பிள்ளை அண்ணை குழி வாசலில் வந்து நின்று, "செபமாலையை ஆறுதலாச் சொல்லலாம், எனக்கொண்டும் அவசரமில்லை" என்றார். அவர் வாயால் எனக்குக் கிடைத்த முதல் நற்சாட்சி அது. வீட்டுக்கு வந்து மனுசிக்குச் சொன்னேன். "அதுக்கும் பயந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

உலகச் சண்டைக்கு முந்தின ஒரு ஆனி மாதம். பூநகரியில் சிவபாதம் என்று ஒரு மாப்பிள்ளை. மலாயாவில் றெயில்வேயில் வேலை, கலியாணம் கட்டவென்று லீவில் வந்திருந்தார். பொம்பிளை கொழும்புத்துறையில், துறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடு. சாதகம் பார்த்து, நாள் தள்ளுப்பட்டுத் தள்ளுப்பட்டு, கடைசியில் ஆனியின் கடைசி முகூர்த்தத்துக்கு வந்து நின்றது. அடுத்தது ஆடி, ஒருவரும் கலியாணம் செய்யமாட்டார்கள். ஆடி முடிய முன்னம் மாப்பிள்ளை கப்பல் ஏறவேண்டும். பிறகு எத்தனை வருஷத்துக்குப் பிறகு லீவோ, யாருக்குத் தெரியும்? ஆகவே அந்தக் காலைமை முகூர்த்தம் தப்பினால் அந்தக் கலியாணமே இல்லை. இதை எனக்குச் சொன்னவர் மாப்பிள்ளையின் அம்மான் வேலுப்பிள்ளையர். பூநகரித் துறையில் லாஞ்சியில் ஏறமுன்னம் குழிக்குள் எட்டிப் பார்த்து எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார்.

"தம்பி, விளங்கிச்சே? நேரத்துக்குப் போகாட்டில் எல்லாம் முடிஞ்சுது."

விளங்கினது. எஞ்சினுக்கு இன்னொரு தரம் எண்ணெய் விட்டேன்.

கலியாண லாஞ்சி சும்மா போகலாமோ? பெண்டுகள் இரண்டு பக்கமும் வாழைக்குட்டி கட்டினார்கள். மாவிலைத் தோரணம் நெடுகிலும் தொங்கவிட்டார்கள். தோரணம் கட்ட ஒரு கயிறு வேண்டும். கூரைக்குக் கீழே முன்னுக்கிருந்து பின்னுக்கு, அளந்து வைத்ததுபோல, ஒரு கயிறு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு நல்ல வசதி. முழுத் தோரணத்தையும் என் மணிக்கயிற்றில் கட்டிவிட்டார்கள். மரியாம்பிள்ளை அண்ணை முன்னுக்கு நின்று பாதை பார்த்தார். நான் குழிக்குள். ஒருவரும் காணவில்லை.

தவிலும் நாயனமும் குழி வாசலோடு உட்கார்ந்துவிட்டன. ஒரு மணி அடிபட்டது, முன்கியர் போட்டேன், புறப்பட்டோம். நடுக்கடலுக்கு வந்தபோது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினது. தோரணம் ஆடினது. மணி இரண்டு அடித்தது.

பின்னுக்கு? நடுக்கடலில் ஏன் பின்னுக்கு? மீன் பிடிக்க வலை கட்டி நட்ட களங்கட்டித் தடி ஏதும் முன்னால் வந்துவிட்டதோ? திறொட்டிலை இறக்கினேன், சும்மா, பொறுத்தேன், பின்னுக்கு இழுத்தேன். உடனே ஒன்று அடித்தது. முன்னுக்கு மாற்றினேன். மூன்று அடித்தது. நிப்பாட்டினேன். விடாமல் ஆடினது. வேகம் கூட்டினேன். திரும்பவும் இரண்டு. முன்னால் மரியாம்பிள்ளை அண்ணை, "எடேய் புத்தூரான், என்னடா செய்யிறாய்? விசரோ உனக்கு?" என்று கத்தினாராம். நாயனச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தவில்காரர் மாத்திரம் என் கையைப் பார்த்து ரசித்துத் தலையாட்டினார், தன் தாளத்துக்குத்தான் நான் தடியை ஆட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

கடைசியாக முன்கியர் போட்டபோது 'டக்' என்ற சத்தம் வரவில்லை. பெட்டிக்குள் ஏதோ உடைந்து உருளுகிற சத்தம். தடி தொளதொளவென்று விழுந்தது. எஞ்சின் கத்துகிறது, வள்ளம் நிற்கிறது.

மேளம் நின்றது. மரியாம்பிள்ளை அண்ணை சனத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். வந்தவர் தலையில் ஒரு மாவிலை தட்டினது. நிமிர்ந்து பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். பெண்டுகள் வாயில் சேலையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"புத்தூரான், எது போச்சு?"

"முன்கியர் விரல் முறிஞ்சு போச்சண்ணை. இஞ்சை வைச்சுச் செய்யேலாது."

"பின்கியர்?"

"பட்டி நல்லாயிருக்கு. ஆனா..."

"ஆனாவைப் பேந்து பாப்பம். கம்பு ஊண்டிப் போனால் பின்னேரம்தான் போவம். கண்ணுக்கெட்டின தூரத்திலை ஒரு பாயும் இல்லை." தாடியைச் சொறிந்தார். "அப்ப பின்னுக்குப் போவம்."

வேலுப்பிள்ளையர் துள்ளி எழும்பினார். "என்ன கதை கதைக்கிறீர் தண்டையல்? மாப்பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டே கலியாணத்துக்குப் போறது? எங்கடை பரம்பரையிலை ஆரும் பின்பக்கமாப் போய்த் தாலி கட்டேல்லை!"

"அப்ப இருங்கோ. ஆடி வரட்டும்."

"உது அவசகுனம் கண்டியளோ!"

மரியாம்பிள்ளை அண்ணை அவரோடு வாதாடவில்லை. அவிழ்த்த தோரணத்தைக் கொண்டுவந்து லாஞ்சியின் பின்பக்கத்தில் கட்டினார். வாழைக்குட்டிகளையும் பிடுங்கி அங்கே நட்டார். மாப்பிள்ளை வீட்டுத் தட்டிலிருந்து சந்தனத்தைத் தொட்டு, கழுத்தில் சிலுவை போட்ட வேதக்கார மனுசன், பின்பலகையில் மூன்று இடத்தில் பொட்டு வைத்தார்.

"இந்தாங்கோ, இண்டைக்கு இதுதான் முன்பக்கம். மாப்பிள்ளையின்ரை கதிரையைத் திருப்பிப் போடுங்கோ. எல்லாரும் இஞ்சாலை பாத்து இருங்கோ. இப்ப சொல்லுங்கோ, ஆர் பின்னுக்குப் போறது?"

மாப்பிள்ளை தலைப்பாகையோடு எழும்பித் தன் கதிரையைத் தானே திருப்பினார். "அம்மான், மலாயாவிலை றெயில் எஞ்சினைச் சிலவேளை இப்பிடித்தான் திருப்பிக் கொழுவி ஓட்டுறது. ஒருதரும் அழுறேல்லை. இருங்கோ" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

என் கதை அப்போதுதான் தொடங்கினது. ஆனா என்று நான் சொல்ல வந்ததில் நிறைய இருந்தது. பட்டி கருகும் என்பது ஒன்று. பின்கியரில் வள்ளம் நேரே போகாது என்பது இன்னொன்று, விசிறி பின்பக்கத்தை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும், சுக்கான் சொல்லுக் கேளாது. தட்டையான பின்பலகையில் அலை அடித்து யன்னலால் தண்ணீர் வரும், எஞ்சினில் பட்டால் எஞ்சின் நின்றுவிடும். போய்ச் சேர்ந்தாலும் நிப்பாட்ட முன்கியர் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

மரியாம்பிள்ளை அண்ணை முழுவதையும் கேட்டார். "இவ்வளவும் தெரிஞ்சவன் நீதானே, அப்ப நீ ஓட்டு" என்றார். "முன்னுக்கு நிக்கிற எனக்கு இண்டைக்குத் தலையள்தான் தெரியும். பாதை உன்ரை யன்னலுக்குள்ளை. நீ மணி அடி. ஒண்டடிச்சா வலப்பக்கம், ரண்டடிச்சா இடப்பக்கம், உன்ரை வலம் இடம்தான். நான் சுக்கானைத் திருப்பிறன்."

"நான் அடிக்க, நீங்கள் கேக்கிறதோ அண்ணை?"

"ஏன், எனக்குக் காது இல்லையோ?"

மேளகாரரை வாசிக்காமல் இருக்கச் சொன்னோம். கம்பு ஊன்றி லாஞ்சியின் பின்பக்கத்தைக் கொழும்புத்துறைக்கு நேரே திருப்பினோம். நான் எழும்பி நின்று, ஒரு கையில் தடியைப் பிடித்து, பின்னுக்கு இழுத்தேன். திறொட்டிலைப் பல்லுப் பல்லாக ஏற்றினேன். லாஞ்சி ஒரு உலுப்பு உலுப்பிப் பின்பக்கமாக, மன்னிக்கவேண்டும், முன்பக்கமாகப் புறப்பட்டது.

சொன்னபடியே ஒரு பக்கமாக இழுத்தது. யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்கிற எனக்கு அது வலப்பக்கம். பாதை காட்டுகிற கம்புகள் மெல்ல இடப்பக்கம் நழுவின. நட்டுக் கழற்றுகிற சாவியால் மணியை இரண்டு தட்டுத் தட்டினேன். சுக்கான் திரும்பினது, வள்ளம் திரும்பவில்லை. களங்கட்டித் தடிகள் கிட்ட வந்தன. அவற்றின் வலையில் விசிறி சிக்கினால் அங்கேயே கலியாணம். பயத்தில் என் கை பழகின வேலையைச் செய்தது. திறொட்டிலை இறக்கித் தடியைச் சும்மாவுக்கு விட்டேன்.

விசிறி தளர்ந்தது. இழுப்பும் நின்றது. வள்ளம் வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது, இப்போது சுக்கானின் சொல்லைக் கேட்டது. பின்பக்கம் மெல்லத் திரும்பி, கம்புகள் நேரே வந்தன. வேகம் விழ விழத் திரும்பவும் இழுத்தேன். இழு, ஓடவிடு, சும்மாவுக்கு விடு, அவர் திருப்பட்டும், இழு. சும்மாவில் நிற்கிற நேரத்தில் பட்டிக்கும் ஆறுதல். உள்ளங்கையைப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். சூடுதான், ஆனால் கை பொறுக்கிற சூடு. எல்லாரும் பகிடி பண்ணின அந்தச் செபமாலை நேரம்தான் எங்களைக் கொண்டுபோனது.

அலைக்குத்தான் மருந்து இல்லை. ஒரு அலை யன்னலால் வந்து என் முகத்தில் அடித்தது, எஞ்சினில் ஒரு துளி பட்டு 'சுர்' என்றது. எஞ்சின் ஒருமுறை இருமினது.

"தண்ணி! தண்ணி வருது! ஆரேன் மறையுங்கோ!" என்று கத்தினேன்.

வேலுப்பிள்ளையர்தான் வந்தார். மாப்பிள்ளைக்கு விரிக்கக் கொண்டுவந்த சமுக்காளத்தை உருவி எடுத்து, பின்பலகையில் ஏறி நின்று, யன்னலுக்கு முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். அலை முழுவதும் அவர் முதுகில். பட்டு வேட்டி, சால்வை, திருநீறு எல்லாம் போனது.

"அம்மான், எனக்குப் பாதை தெரியேல்லை. கொஞ்சம் பதிச்சுப் பிடியுங்கோ."

"பதிச்சா போதுமே? இன்னும் பதிக்கட்டோ?"

"காணும், காணும். அப்பிடியே நில்லுங்கோ."

"நிக்கிறன் ராசா. நீ ஓட்டு. அவசகுனமெண்டு நான் சொன்னதை மனசிலை வையாதை."

வாங்கில் இருந்தவர்கள் மெல்லச் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒரு கிழவர், "மாப்பிள்ளை காய்ஞ்சு போறார், அம்மான் குளிச்சுப் போறார்" என்றார். வேலுப்பிள்ளையரும் திரும்பாமலே சிரித்தார்.

கொழும்புத்துறை தெரிந்தது. அத்தனை வருஷம் அந்தத் துறைக்கு வந்திருக்கிறேன், அது கிட்டக் கிட்ட வந்து பெரிதாகிறதை அன்றைக்குத்தான் முதல்முறை கண்டேன். கரையில் சனம் வந்து நின்றது. பொம்பிளை வீட்டார். நாங்கள் வருகிற விதத்தைக் கண்டு ஒருவர் தலையில் கை வைத்தார். இன்னொருவர் கையைக் காட்டிக் காட்டி, திரும்பு, திரும்பு என்று கத்தினார்.

இனிக் கடைசிப் பயம். நிப்பாட்டுவது. வழமையில் துறைக்குக் கிட்ட வந்து மற்றக் கியரில் ஒரு பிடி பிடித்தால் வள்ளம் அடங்கும். அன்றைக்கு மற்றக் கியர் இல்லை. வேகத்தோடு போனால் சுக்கானும் விசிறியும் கல்லில் மோதி உடையும். முந்தி விட்டால் காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். எவ்வளவு தூரத்தில் விடுவது? அதை எனக்குச் சொல்ல மணி இல்லை. முன்பக்கம் திரும்பிப் பார்த்தேன். தலைகளுக்கு மேலால் மரியாம்பிள்ளை அண்ணையின் கண் தெரிந்தது. அவர் சுக்கானை நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

மில்லில் வார்ப்பட்டியைக் கழற்றின பிறகு சில்லு எவ்வளவு நேரம் தன்பாட்டில் சுற்றும் என்று காதால் கேட்டு அறிந்தவன் நான். தண்ணீர் பின்பலகையில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டேன். திறொட்டிலை இறக்கினேன், முழுவதும். சும்மாவுக்கு விட்டேன். லாஞ்சி வழுக்கிக்கொண்டே போனது. சத்தம் தணிந்தது, இன்னும் தணிந்தது. நடுவில் காற்று ஒருமுறை தள்ளப் பார்த்தது. தடியைத் தொட்டு ஒரு சொட்டு இழுத்தேன், விட்டேன். அவ்வளவுதான். பின்பலகை துறைக்கல்லில் வந்து சாய்ந்த விதத்தில், பொட்டு வைத்த சந்தனம்கூடத் தேயவில்லை. கரையில் நின்ற ஒருவர் கையை நீட்டி மாப்பிள்ளையைப் பிடித்து இறக்கிவிட்டார், அவ்வளவு கிட்ட.

"வாசியுங்கோடா இப்ப!" என்று வேலுப்பிள்ளையர் ஈரச் சமுக்காளத்தோடு கத்தினார். இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த நாயனம் வெடித்துக் கிளம்பினது. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். பொம்பிளையின் தமையன் மாப்பிள்ளையின் கால் கழுவக் கொண்டுவந்த செம்போடு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டான். கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். நான் எஞ்சினை நிப்பாட்டவில்லை. கலியாணம் இன்னும் முடியவில்லையே, ஏதாவது நடந்துவிட்டால்? எஞ்சினைச் சும்மாவில் ஓடவிட்டுத் தடியில் கையை வைத்தபடி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கைக்குள் இருந்து கெட்டிமேளம் கேட்டது.

மரியாம்பிள்ளை அண்ணை என் தலைக்கு மேலால் கையை நீட்டி மணியை மூன்று அடித்தார். நான் எஞ்சினை நிப்பாட்டினேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். முன்னுக்கு இரண்டு பல்லு இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்றேன். கையெல்லாம் கிறீஸ், உடுப்பெல்லாம் எண்ணெய். வேலுப்பிள்ளையர் விடவில்லை. வேறு வேட்டி மாற்றிக்கொண்டு வந்து என்னை இழுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டாரின் பந்தியில் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். "ஆர் உவர்?" என்று யாரோ கேட்டதற்கு, "இவர் இல்லாட்டில் நீங்கள் இண்டைக்கு இந்தச் சோத்தை நாய்க்குத்தான் போட்டிருப்பியள்" என்றார். நான் திரும்பிப் போகிறதை யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரமே பொம்பிளையை மாப்பிள்ளை வீட்டுக்கு, பூநகரிக்கு, கூட்டிக்கொண்டு போகவேண்டும். முறை அது.

பொம்பிளையின் தகப்பனார் ஏற்கெனவே இரண்டு வத்தை வள்ளங்களைப் பாய் கட்டித் துறையில் ஆயத்தமாக நிறுத்தியிருந்தார். நல்ல மனுசன், எங்களைக் குறைவாகச் சொல்லவில்லை. பிழைபட்ட லாஞ்சியில் மகளை அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? எல்லாரும் துறைக்கு வந்தார்கள். கூறைச்சேலையோடு பொம்பிளை வந்து, வத்தைகளைப் பார்த்தா, எங்கள் லாஞ்சியைப் பார்த்தா, பின்பலகையில் இருந்த சந்தனப் பொட்டையும் பார்த்தா.

"ஐயா, நான் உதிலை வாறன்" என்று லாஞ்சியைக் காட்டினா.

"பிள்ளை, அது பின்னுக்குப் போற லாஞ்சியம்மா!"

"முன்னுக்கோ பின்னுக்கோ, நேரத்துக்கு வந்துதே?"

மாப்பிள்ளை கதிரையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டார். இரண்டும் பின்பக்கம் பார்த்தபடி. தகப்பனார் மரியாம்பிள்ளை அண்ணையைப் பார்த்தார். மரியாம்பிள்ளை அண்ணை என்னைப் பார்த்தார்.

"என்னைக் கேளாதேங்கோ. எஞ்சினைக் கேளுங்கோ. புத்தூரான், என்ன சொல்லுறாய்?"

"அண்ணை, காத்து இன்னும் விழேல்லை. பட்டி இண்டைக்கு ஒருக்கா சூடேறினது. பேந்து..."

"பயத்தை நான் கேக்கேல்லை. பட்டியைக் கேக்கிறன்."

கியர்ப்பெட்டியில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. துறை முழுவதும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஓம் அண்ணை. போகும்" என்றேன்.

கம்பு ஊன்றி லாஞ்சியின் பின்பக்கத்தைப் பூநகரிக்கு நேரே திருப்பினார்கள். ஒருவரும் கேட்காமலே வேலுப்பிள்ளையர் சமுக்காளத்தோடு வந்து பலகையில் ஏறி நின்றார். நான் மணியை விடாமல் ஆட்டினேன், தடியை இழுத்துப் பிடித்தேன், திறொட்டிலை அதன் கடைசிப் பல்லு மட்டும் ஏற்றினேன். பூநகரிக் கரை என் கண்ணுக்கு நேரே இருந்தது. கொழும்புத்துறையில் நின்ற சனம் கூவின கூவல் எஞ்சின் சத்தத்துக்கும் மேலால் கேட்டது.